முதலில் நகல், பிறகுதான் ஃபார்மட்

ஜோகூர் மாநிலத்தின் பத்து பாகாட்டில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ஒரு வீட்டுக் கணினியைத் தாக்கினால், அந்தக் கணினி பெரும்பாலும் நகரத்துக் கணினிக் கடைக்குத்தான் போய்ச் சேரும். அங்கே கிடைக்கும் மருந்தும் பெரும்பாலும் ஒன்றே: ஃபார்மட். ஹார்ட் டிஸ்க்கை முழுக்கத் துடைத்து, விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். மலேசியாவின் மற்றச் சிறு நகரங்களிலும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. இந்த வழக்கத்தில் நியாயமும் உண்டு, பெரிய இழப்பும் உண்டு. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்த பிறகு எனக்குத் தெரிவது இதுதான்: ஃபார்மட் சரியான வேலை, அதைச் செய்கிற நேரம் தவறு.

நியாயத்தை முதலில் பார்ப்போம். ரேன்சம்வேர் பல நேரங்களில் துணையோடு வருகிறது. வீட்டுக் கணினிகளைப் பெருமளவில் தாக்கிய ஸ்டாப் டிஜேவியு வகை, கோப்புகளைப் பூட்டியதோடு நிற்கவில்லை. அசோரல்ட் போன்ற கடவுச்சொல் திருடும் நிரல்களையும் கூடவே இறக்கியது. ஆன்டிவைரஸ் ஓட்டி ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் எங்காவது மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். துடைத்து ஏற்றிய கணினியில் அந்த அச்சத்துக்கு இடம் மிகக் குறைவு.

இரண்டாவது நியாயம் பணம். டிஜேவியு கும்பல் கேட்ட தொகை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490. 2019ஆம் ஆண்டில் 980 டாலர் ஏறத்தாழ 4,000 ரிங்கிட். அந்த ஆண்டு மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,100 ரிங்கிட். ஆடைத் தொழிற்சாலைகளை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் இந்த ஊரில், அது ஒருவரின் ஏறத்தாழ நான்கு மாத உழைப்பு. கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2025 மார்ச்சில் மலேசிய விமான நிலையங்களின் கணினி அமைப்பைத் தாக்கியவர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டபோது, ஐந்து நொடிகூடத் தயங்காமல் மறுத்துவிட்டதாகப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் சொன்னார். ஃபார்மட் போட்டுக்கொள்ளும் குடும்பமும் அதே மறுப்பைத்தான் தன் அளவில் சொல்கிறது. அந்த உறுதியை மதிக்க வேண்டும்.

குறை எங்கே தொடங்குகிறது? நோய் என்னவென்று பார்க்காமலே மருந்து கொடுப்பதில். திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, அலறும் ஒலி, மைக்ரோசாஃப்ட் என்ற பெயரில் ஒரு தொலைபேசி எண் அல்லது காவல்துறைச் சின்னம். இப்படி வருவது பெரும்பாலும் உலாவியில் திறந்த வெறும் மிரட்டல் பக்கம். டாஸ்க் மேனேஜரில் உலாவியை மூடினால் போய்விடும்; கோப்புகள் பத்திரமாக இருக்கும். இதற்குப் பயந்து ஃபார்மட் போட்டவர், யாரும் தொடாத படங்களைத் தன் கையாலேயே அழித்துக்கொள்கிறார்.

உண்மையான ரேன்சம்வேர் வேறு மாதிரி. படக் கோப்புறையைத் திறந்தால் சிறுபடங்கள் எல்லாம் மறைந்து வெள்ளைத் தாள்களாக நிற்கும். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ஜேபெக் என்ற வாலுக்குப் பின்னால் புதிதாக இன்னொரு வால் முளைத்திருக்கும். கோப்புறைக்குக் கோப்புறை ரீட்மி என்றொரு கடிதம் கிடக்கும். டிஜேவியு தன் வேலையை முடிக்கும்வரை விண்டோஸ் அப்டேட் போன்ற போலிப் பெட்டியைக் காட்டும். கணினிக்குரியவரும் பொறுமையாகக் காத்திருப்பார். பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்கள் திறக்காதபடியும் அது தடுத்துவிடும். இவற்றைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாவது குறைதான் ஆகப் பெரியது: பூட்டிய கோப்புகளைக் குப்பையாக எண்ணித் துடைத்துவிடுவது. இன்று திறக்க முடியாத பூட்டு நாளை திறக்கலாம். 2013இல் பரவிய கிரிப்டோலாக்கர் என்ற ரேன்சம்வேருக்கு, பன்னாட்டுக் காவல்துறையினர் அதைப் பரப்பிய வலையமைப்பை முடக்கிய பிறகு, 2014 ஆகஸ்டில் இலவசச் சாவி கிடைத்தது. டெஸ்லாகிரிப்ட் கும்பல் 2016 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டுத் தலைமைச் சாவியையே வெளியிட்டது. 2018 அக்டோபரில் சிரியாவைச் சேர்ந்த ஒரு தந்தை, இறந்துபோன தன் பிள்ளைகளின் படங்களைக் கேண்ட்கிராப் பூட்டிவிட்டது என்று டுவிட்டரில் எழுதினார். அதைக் கண்ட கும்பல் சிரியர்களுக்கான சாவிகளை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க எஃப்பிஐ தலைமைச் சாவிகளை எல்லோருக்கும் தந்தது. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் டிஜேவியுவின் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. பூட்டிய கோப்புகளை வைத்திருந்தவர்களுக்குத்தான் இவற்றால் பயன். துடைத்தவர்களுக்குச் சாவி கிடைத்தும் பூட்டு இல்லை.

டிஜேவியுவில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. வேகத்துக்காக அது ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டுகிறது. சிறிய ஆவணம் முழுதாகப் போய்விடும். ஆனால் பல ஜிபி அளவுள்ள கல்யாண வீடியோவின் மிகப் பெரும்பகுதி கைபடாமல் அப்படியே இருக்கும். சரியான கருவியால் அதைப் பல சமயம் ஓட வைத்துவிடலாம்.

‘வீண் நம்பிக்கை ஊட்டுகிறீர்கள்’ என்று கடைக்காரர் சொன்னால், அந்த வாதத்தில் பாதி உண்மை. 2019 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த டிஜேவியு வகைகள் பூட்டும் முறையை மாற்றிக்கொண்டன. தாக்கும்போது இணையத் தொடர்பு இருந்திருந்தால் ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி. அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. நம்பிக்கையை விற்பவர்களும் இருக்கிறார்கள். 2020இல் டிஜேவியு மீட்புக் கருவி என்ற வேடத்தில் வந்த சோராப், ஏற்கெனவே பூட்டியிருந்த கோப்புகளை இன்னொரு முறை பூட்டியது. ஆகவே தேடினால் நோ மோர் ரேன்சம் தளத்தில் மட்டும் தேடுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கிய இலவசச் சேவை அது. பலன் உறுதியில்லை என்பது சரிதான். ஆனால் பூட்டிய கோப்புகளை வைத்துக்கொள்ள ஆகும் செலவு ஒரு ஹார்ட் டிஸ்க். துடைத்துவிட்டால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவை திரும்பாது.

மூன்றாவது குறை, வந்த வழியை அப்படியே திறந்து வைப்பது. டிஜேவியு பெரும்பாலும் கிராக் செய்த மென்பொருள், போலி உரிம எண் தரும் கீஜென், விண்டோஸ் ஆக்டிவேட்டர் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. ‘ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டவும்’ என்று அந்தப் பொட்டலத்தோடு ஒரு குறிப்பு இருக்கும், நாமும் நிறுத்துவோம். ஃபார்மட் முடித்த கையோடு உரிமமில்லாத விண்டோஸை அதே ஆக்டிவேட்டரால் இயக்கிக் கொடுத்தால், பழுதுபார்த்தது எதற்காக? குறைந்த கட்டணம் என்று நாம் வற்புறுத்துவதும் இதற்குக் காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திருடுபோன கடவுச்சொல்லையும் ஃபார்மட் மீட்டுத் தராது. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வேறொரு கருவியிலிருந்து உடனே கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும்.

ஃபார்மட்டைக் கண்டு அஞ்சத் தேவையில்லாத வீடு எது? நகல் இருக்கும் வீடு. மூன்று நகல், இருவகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது உலகம் ஏற்றுக்கொண்ட விதி. கடைசிப் பகுதி பத்து பாகாட்காரர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். 2023 மார்ச் வெள்ளத்தில் ஜோகூரிலேயே மோசமாகப் பாதிக்கப்பட்டது இந்த மாவட்டம். தண்ணீர் வடிய வாரக்கணக்கில் ஆனது. மேசை இழுப்பறையில் வைத்த ஹார்ட் டிஸ்க்கை ரேன்சம்வேர் தொடாவிட்டாலும் வெள்ளம் தொடும். ஒரு நகல் குளுவாங்கிலோ மூவாரிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே கிடந்தால் அதுவும் பூட்டப்படும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மட்டும் போதும் என்று இருப்பதும் ஆபத்து. கணினியில் பூட்டிய கோப்பு அங்கேயும் ஏறிவிடும். முந்தைய பதிப்பை மீட்க வழி உண்டு என்றாலும் அதற்குக் கால வரம்பு உண்டு.

ஆகவே ஃபார்மட்டை விலக்க வேண்டாம்; வரிசையை மாற்றினால் போதும். முதலில் வைஃபையையும் வெளி டிஸ்க்குகளையும் துண்டியுங்கள். கோப்புகள் கண் முன்னே மாறிக்கொண்டிருந்தால் கணினியை அணைத்துவிடுங்கள். அடுத்து, மிரட்டல் கடிதத்தோடு பூட்டிய கோப்புகளையும் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். மூன்றாவதாக, எந்த வகை என்று அடையாளம் கண்டு, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்கு 1-300-88-2999 என்ற எண்ணில் தெரிவியுங்கள். ஃபார்மட் நான்காவதாக வரட்டும், உரிமமுள்ள விண்டோஸோடு.

2024 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் வங்கி, மின்சாரம், போக்குவரத்து போன்ற 11 முக்கியத் துறைகளுக்குக் கடமைகளை விதிக்கிறது. வீட்டுக் கணினி அதன் கணக்கில் இல்லை. அந்த இடைவெளியை இந்த ஊரிலேயே நிரப்ப முடியும். இதே மாவட்டத்தின் பாரிட் ராஜாவில் துன் ஹுசைன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அவர்களை அழைத்து ஒரு சனிக்கிழமைப் பயிலரங்கு நடத்தினால், நகல் எடுக்கும் பழக்கம் பல வீடுகளுக்குப் போய்ச் சேரும். அதுவரை, கணினியைக் கடையில் ஒப்படைக்கும்போது நாம் சொல்ல வேண்டியது ஒன்றே: “முதலில் எல்லாவற்றையும் நகல் எடுங்கள், அதற்குத் தனியாகக் கட்டணம் தருகிறேன்.” வாடிக்கையாளர் கேட்டால் கடையின் வழக்கம் மாறும்.