உணவில் இருப்பது மாத்திரையில் தீங்கற்றதா?

"டிரிப்டோஃபேன் நாம் உண்ணும் உணவிலேயே உள்ளது, எனவே அதை மாத்திரையாக உட்கொண்டாலும் தீங்கில்லை" என்ற வாதத்தை நீங்கள் கேட்டிருக்கலாம். இதன் முற்பகுதி உண்மை. பிற்பகுதியைச் சற்று ஆராய்வோம்.

டிரிப்டோஃபேன் ஓர் இன்றியமையாத அமினோ அமிலம். நம் உடல் இதைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது; பால், முட்டை, பருப்பு, நிலக்கடலை முதலியவற்றின் புரதத்திலிருந்து பெறுகிறது. மூளை செரோட்டோனினை ஆக்குவது இதைக் கொண்டுதான். ஆகவே தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் பலர் இதை நாடினர். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, 60 கிலோ எடையுள்ளவருக்கு 240 மில்லிகிராம். தூக்கத்திற்காக உட்கொண்டோரோ ஒரு கிராமும் அதற்கு மேலும் விழுங்கினர்.

1989 அக்டோபரில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மூவருக்குக் கடுமையான தசைவலி கண்டது. அவர்கள் இரத்தத்தில் ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அளவு மீறிப் பெருகியிருந்தன. மூவரும் இம்மாத்திரையை உட்கொண்டவர்கள்! அடுத்த மாதமே மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆயினும் 1,500-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 30-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் உட்கொண்டது, ஜப்பானின் ஷோவா டென்கோ நிறுவனம் பாக்டீரியாக்களைக் கொண்டு தயாரித்த டிரிப்டோஃபேன். அந்நிறுவனம் மரபுமாற்றம் செய்த புதிய பாக்டீரியாவைப் புகுத்தியதும், தூய்மைப்படுத்தும் கரித்தூளின் அளவைக் குறைத்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில். ஆகவே இரண்டில் எது குற்றவாளி என்று பிரித்தறிவது கடினமாயிற்று. அப்பொருளின் தூய்மை 99 விழுக்காட்டுக்கு மேல் என்பதை எண்ணிப் பாருங்கள். எஞ்சிய சிறு பகுதியிலிருந்த மாசுகள் மீதே ஐயம் விழுந்தது. மிகுதியான டிரிப்டோஃபேனுக்கும் இதில் பங்கிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

"அது ஒரு தொழிற்சாலையின் பிழைதானே?" எனலாம். ஆனால் அப்பிழையைப் புட்டியின் மேலிருந்த சீட்டு காட்டவில்லையே! 1994-இல் அமெரிக்கா இயற்றிய சட்டப்படி, துணை உணவுகளை விற்குமுன், மருந்துகளுக்குச் செய்வதுபோல் அவற்றின் பயனையும் பாதுகாப்பையும் அரசிடம் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. டிரிப்டோஃபேனும் பின்னர் மீண்டும் கடைகளுக்கு வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் பல செரோட்டோனினின் செயலைக் கூட்டுபவை. அவற்றோடு இதையும் சேர்த்தால் நடுக்கம், காய்ச்சல், மனக்குழப்பம் தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே, ஒரு பொருள் உணவில் உண்டு என்பது மட்டும் சான்றாகாது. எவ்வளவு, எவ்வாறு தயாரித்தது, வேறெந்த மருந்துடன் என்ற மூன்று கேள்விகளுக்கும் மருத்துவரிடம் விடை பெற்ற பின்னரே மாத்திரையைப் பற்றி எண்ணுங்கள்.