சுருதிக் குற்றம் யாருடையது?

கிளாரினெட் கச்சேரி கேட்டுவிட்டு "சுருதி சேரலையே" என்று சொல்வது சுலபம். பள்ளுருத்தி, மட்டாஞ்சேரி பக்கம் நம்மவர் கல்யாணங்களில் இதைக் கேட்காத பந்தி இல்லை. அச்சில் வரும் விமர்சனமும் அப்படித்தான். நாதம் இனிமை, சுருதி போதாது என்று எல்லாவற்றையும் வித்வான் தலையில் வைத்துவிடுகிறார்கள். கருவியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இது பாதி விமர்சனம் என்பது என் கட்சி.

நம் பழைய ஆசிரியர்கள் கருவியை முதலில் பார்த்தவர்கள். சிந்தாமணியில் சீவகன் நீரில் நின்ற மரம், இடி விழுந்த மரம் என்று குற்றம் சொல்லி வீணைகளை ஒதுக்கிய பிறகே வாசிக்கிறான். சிலம்பின் உரைகாரர் அடியார்க்கு நல்லார் குழலுக்கு 20 விரல் நீளம், நாலரை விரல் சுற்று என்று அளவே கொடுக்கிறார்.

கிளாரினெட்டில் மவுத்பீசுக்கும் மேல் குழாய்க்கும் நடுவே இருக்கும் சிறு உருளைதான் பேரல். பி-பிளாட் கருவியில் சுமார் 65 மில்லிமீட்டர். ஊத ஊத உள்ளே காற்று சூடேறி சுருதி ஏறும். நம் கொச்சிப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். சுருதிப்பெட்டியோடு சேர வாசிப்பவர் பேரலை வெளியே இழுப்பார். சங்கடம் அங்கேதான். இழுத்தது 2 மில்லிமீட்டர் என்றால், மேல் துளைகள் திறந்து குழாய் குட்டையாக நிற்கும் சுரங்களுக்கு அது பெரிய பங்கு. எல்லாத் துளையும் மூடிய அடிச் சுரத்துக்குச் சின்னப் பங்கு. முன்னது அதிகம் இறங்கும், பின்னது கொஞ்சமே இறங்கும். ஒரு சுரம் சேர்ந்தால் இன்னொன்று விலகும். பழி மட்டும் மூச்சின் மேல்!

இழுத்த இடத்தில் உள்ளே ஒரு பள்ளமும் விழுகிறது. நீளமான பேரலை மாற்றிப் போட்டால் பள்ளம் போகும். ஏற்றத்தாழ்வு முழுக்கப் போகாது. நடு மூட்டிலும் சிறிது இழுத்துச் சமன்செய்ய வேண்டும்.

நாதத்துக்கு வருவோம். குழலும் நாகசுரமும் மேலே தாவினால் எட்டாம் சுரத்தில் நிற்கும். கிளாரினெட் பன்னிரண்டாம் சுரத்தில் நிற்கும். கீழும் மேலும் ஒத்துப்போக, பேரலின் உட்துளை எங்கே அகன்று எங்கே குறுகுகிறது என்பது முக்கியம். இதைச் சொல்லாமல் மரத்தின் பெயரைச் சொல்லி விலை ஏற்றுகிறார்கள். நானும் கடைக்காரன்தான், அந்த வித்தை தெரியும். சீவகன் மரம் பார்த்தது சரியே. வீணையில் மரமே அதிர்ந்து பேசும். குழாய்க் கருவியில் பேசுவது உள்ளே நிற்கும் காற்று. மரத்தைவிடத் துளையே பெரிது.

திமிரி நாகசுரம் போய் நீண்ட பாரி வந்த கதையில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோடு நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியையும் சேர்த்தே சொல்கிறோம். 2022இல் பத்மஸ்ரீ பெற்ற ஏ.கே.சி. நடராஜனைப் பற்றிப் பேசுகிறவர்கள் மட்டும் கமகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கமகம் உதட்டிலும் விரலிலும் வருவது. எந்தப் பேரலும் அதைத் தராது. ஆனால் அந்தக் கமகம் போய் நிற்கிற சுரம் சரியாக இருக்கப் பேரலும் வேண்டும்.

நம் சங்க விழாக்களில் வித்வான் வந்து இறங்கியதுமே ஊதச் சொல்கிறோம். கால் மணி நேரம் ஊதிச் சூடாக்க விடுங்கள், பிறகு சுருதி சேர்க்கட்டும். அதற்கு அப்புறமும் பிசகினால் தாராளமாக எழுதுங்கள்.