ஆடை அகன்றது, ஆண்டான் அகன்றானா?

திரை விலகினால் காட்சி தெரியும். ஆடை விலகினால் விடுதலை தெரியும் என்றனர் சிலர், பிரான்சு நாட்டில், 1974ஆம் ஆண்டில்! அவ்வாண்டு ஜூன் 26ஆம் நாள் வெளிவந்த ‘எம்மானுவேல்’ எனும் படத்தைத்தான் குறிப்பிடுகிறோம். நாகரிக உடைகளை நிழற்படமெடுத்து வந்த ஜுஸ்ட் ஜேக்கின் இயக்கிய முதற்படம்; டச்சு நங்கை சில்வியா கிறிஸ்டல் நடித்த படம். பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 89 இலட்சம் நுழைவுச் சீட்டுகள் விற்றன. பாரிசின் சான்செலிசே வீதியில் ஒரு கொட்டகையில் பத்தாண்டுக்கும் மேலாக ஓடிற்று.

பார்த்தோர் பெருகினர், பழித்தோரும் பெருகினர். ஒழுக்கம் அழிந்தது என ஓலமிட்டனர் பழமை விரும்பிகள். பெண் விடுதலை பிறந்தது எனப் பறைசாற்றினர் படத்தைப் போற்றியோர். ஆடவரின் கனவே இது எனச் சாடினர் பெண்ணுரிமையாளர். அமெரிக்கத் திறனாய்வாளர் ரோஜர் எபர்ட், அசட்டுத்தனமானதுதான், ஆயினும் நேர்த்தியானது, சுவையானது என மதிப்பிட்டு, நான்கில் மூன்று விண்மீன்கள் வழங்கினார். அரசோ 1975 டிசம்பரில் சட்டமியற்றி, ஆபாசப் படங்களுக்கெனத் தனி வகுப்பும் கூடுதல் வரியும் விதித்தது. ஒழுக்கத்தைக் காத்ததோ இல்லையோ, கருவூலத்தைக் காத்தது!

தோழர்களே, உடலைக் கண்டு நடுங்குவோரல்லர் நாம். உடல் பாவ மூட்டை என்று போதித்தவர்கள்தாம் பெண்ணைப் பூட்டி வைத்தவர்கள். எனவே, எவ்வளவு ஆடை என்பதன்று நம் கேள்வி. எவர் விருப்பம் என்பதே நம் கேள்வி.

கதையைப் பாருங்கள். தூதரகத்தில் பணிபுரியும் கணவனை நாடிப் பாங்காக் நகர் வருகிறாள் எம்மானுவேல். நீ எவரோடும் கூடலாம் என அனுமதி வழங்குகிறான் கணவன். அனுமதி! வழங்குபவன் ஒருவன் இருக்கும் வரை, பெறுபவள் எவ்வாறு உரிமையுடையவள் ஆவாள்? படத்தில் அவள் தானாக விரும்பி நாடுவது பீ எனும் ஆராய்ச்சிப் பெண்ணை. அந்த அன்பு விரைவில் முறிகிறது. அதன்பின் வருகிறார் மாரியோ எனும் முதியவர். இன்பத்தின் ஆசான் அவர்! அபினிக் குடிலுக்கு அவளை அழைத்துச் சென்று, அங்கிருந்தோர் அவளை வன்புணர்வதை வேடிக்கை பார்க்கிறார். குத்துச்சண்டையில் வென்றவனுக்கு அவளைப் பரிசாக அளிக்கிறார். இதற்குப் பெயர் பாடமாம், பயிற்சியாம், விடுதலையாம்! கற்பின் பெயரால் அடங்கு என்றான் பழைய குரு. விடுதலையின் பெயரால் அடங்கு என்கிறான் புதிய குரு. சொல் மாறிற்று, சொல்பவன் மாறவில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. கதை நிகழ்வது தாய்லாந்தில். ஆனால் அம்மண்ணின் மக்கள் யார்? ஏவலர், சண்டையிடுவோர், குடிலில் பாய்வோர். வெள்ளையர் இன்பம் தேட, கீழ்த்திசை வெறும் திரைச்சீலை! நேர்த்தியைப் புகழ்ந்த பேனா இதனைக் கண்டதா?

அதே பிரான்சில் உண்மை விடுதலை எங்கே நடந்தது? கணவன் ஒப்புதலின்றி மனைவி வேலை பார்க்கவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் வழி செய்தது 1965ஆம் ஆண்டுச் சட்டம். கருத்தடைக்கு இசைவளித்தது 1967ஆம் ஆண்டுச் சட்டம். எம்மானுவேல் ஓடிக்கொண்டிருந்த 1974 நவம்பரில், ஆடவர் நிறைந்த நாடாளுமன்றத்தில் தனித்து நின்று, வசைகளைத் தாங்கி, கருக்கலைப்பு உரிமைக்கு வாதிட்டார் அமைச்சர் சிமோன் வெய். 284 வாக்குகள் ஆதரவு, 189 எதிர்ப்பு, வென்றார். தன் உடல் தனக்கே உரியது என்பதற்குப் பெண் கண்ட வழி அது. அங்கே ஆசான் இல்லை, அனுமதி இல்லை, பரிசுப் பொருளாக எவளும் இல்லை.

ஐம்பதாண்டு கழித்து, 2024இல், ஓத்ரே திவான் எனும் பெண் இயக்குநர் அதே எம்மானுவேலை மீண்டும் படமாக்கினார். பெண்ணின் விருப்பத்தைப் பெண்ணின் பார்வையில் தேடும் முயற்சி அது. முதற்படம் எதனை விட்டுவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இளைஞர்களே, இனி ஒரு படத்தை விடுதலைப் படம் என எவரேனும் விளம்பரம் செய்தால், தணிக்கைக் கத்தரியைத் தேடாதீர்கள். ஒரு கேள்வி கேளுங்கள்: அவள் மறுத்திருந்தால், கதை அவளை விட்டிருக்குமா? ‘மாட்டேன்’ எனும் சொல்லுக்கு இடமில்லாத கதையில், ‘விரும்புகிறேன்’ எனும் சொல்லுக்கும் பொருளில்லை.