மலையில் பிறக்காத மலைக் கீதம்

'டெலிவரன்ஸ்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தில், பெட்ரோல் நிலைய வாசலில் நகரத்து மனிதன் ஒருவனுடைய கித்தாரும் மலைநாட்டுச் சிறுவன் ஒருவனுடைய பான்ஜோவும் ஒன்றையொன்று சீண்டி வாசிக்கும் காட்சியைப் பற்றி எழுதப் புகும் விமரிசகர்களில் பெரும்பாலோர், அதை அப்பலாச்சிய மலைச்சாரலில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் கர்த்தா இல்லாத கீதமென்றும், நாகரிகத்தை எதிர்த்து வனாந்தரம் எழுப்பும் ஆதி ஓசையென்றும் வர்ணித்துப் பரவசமடைவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. கேட்பதற்கு ரம்மியமான இந்த அபிப்பிராயத்தில் உள்ள ஒரே குறை, அது உண்மையல்ல என்பதுதான்.

பான்ஜோவின் பூர்வ கதை வாசகர் அறிந்ததே. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கத் தென்னாட்டிலும் மீட்டிய வாத்தியம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப் பரிகசித்த வெள்ளைக் கூத்தாடிகள் அதை மேடையேற்றினார்கள். பிறகு அது மலைக்கும் போயிற்று, நகரத்து வரவேற்பறைக்கும் போயிற்று. 1945 டிசம்பரில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ், கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றாலும் இடையறாத ஸ்வர வெள்ளத்தை எழுப்பிக் காட்டியபோது, பான்ஜோ கோமாளிக் கருவி என்ற அவப்பெயர் நீங்கிற்று. ஆனால் சினிமா அவருக்குச் செய்த கைம்மாறு விசித்திரமானது. அவரும் லெஸ்டர் ஃப்ளாட்டும் 1949இல் பதிவு செய்த 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்', 1967இல் 'பானி அண்ட் கிளைட்' படத்தில் கொள்ளையரின் கார் பறப்பதற்குப் பின்னணியாயிற்று. அன்று முதல் திரையில் பான்ஜோ கேட்டால் கார் துரத்தல் என்று பாமர ரசிகனும் அறிவான். ஒரு கலைஞனின் வித்தை, வேகத்தின் விளம்பரப் பலகையாகச் சுருங்கியது இப்படித்தான்.

இனி, பெட்ரோல் நிலையக் காட்சியின் மெட்டை இயற்றியும் உதாசீனம் செய்யப்பட்ட மனிதரிடம் வருவோம். ஆர்தர் ஸ்மித் 1921இல் தென் கரோலினாவில் பிறந்து, கெர்ஷா என்ற நெசவாலை ஊரில் வளர்ந்தவர். ஆலைத் தொழிலாளர்களின் பாண்டு வாத்தியக் குழுவை அவருடைய தந்தையே நடத்தினார். பையன் முதலில் ஊதியது பித்தளை வாத்தியம், முதலில் சேர்த்த குழுவோ நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸ் குழு. 1945இல் 'கித்தார் பூகி' என்ற பதிவினால் பிரசித்தி பெற்ற பின்பு, வானொலியையும் தொலைக்காட்சியையும் தன் கச்சேரி மேடையாக்கிக்கொண்ட இந்தத் தொழில்முறைக் கலைஞர்தான், 1955இல் டான் ரெனோ என்ற மகா வித்துவானுடன் 'ஃப்யூடின் பான்ஜோஸ்' என்ற தம் சொந்த சாகித்தியத்தை இசைத்தட்டில் பதிந்தார். ஸ்மித்தின் கையில் நான்கு தந்தி பான்ஜோ, ரெனோவின் கையில் ஐந்து தந்தி. நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் ஒரு சொல்லை விட்டு, கடக்காரர் அதையே திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறாரே, அந்தச் சல்லாபம்தான் இதிலும் இருப்பது. நடுவே குழந்தைகளும் பாடும் 'யாங்கி டூடில்' மெட்டின் ஒரு துணுக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. வனாந்தரமும் இல்லை, திகிலும் இல்லை; இரண்டு கெட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் வம்புக்கிழுத்துக் களிக்கும் களிப்பே இருக்கிறது.

1963இல் டில்லர்ட்ஸ் குழுவினர் இதை வாசித்துப் பரப்பினர். 1972இல் ஜேம்ஸ் டிக்கியின் நாவலைப் படமாக்கிய ஜான் பூர்மன், தனியாகப் பின்னணி இசை எழுதுவிக்காமல், இந்த ஒரு மெட்டையே படம் முழுவதற்கும் ஆதாரமாக வைத்துக்கொண்டார். புத்திசாலித்தனமான சிக்கனம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மலைநாட்டு இசையை உண்மையில் வாசித்தவர்கள் யார்? பான்ஜோவை மீட்டிய எரிக் வைஸ்பெர்க் நியூயார்க்வாசி. ஜூலியார்ட் இசைப் பள்ளியில் பயின்றவர். அவருடன் கித்தார் வாசித்தவர் ஸ்டீவ் மாண்டெல். திரையில் தோன்றும் சிறுவனாக ஜார்ஜியாவின் ரேபன் கவுண்டியில் கண்டெடுக்கப்பட்ட பில்லி ரெட்டனுக்கோ பான்ஜோ வாசிக்கவே தெரியாது. வாசிக்கத் தெரிந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் அவன் பின்னால் ஒளிந்திருந்து, சட்டைக் கைக்குள் தன் கையை நுழைத்துத் தந்திகளைப் பிடித்தான். ஆதி ஓசை என்று நாம் மயங்கும் அந்த விரல்கள் இரவல் விரல்கள். அதுவுமல்லாமல், பல பான்ஜோக்களின் துவந்த யுத்தம் என்று பெயர் சூடிய அந்தக் காட்சியில் இருப்பது ஒரே ஒரு பான்ஜோ என்பதையும் வேடிக்கைக்காகக் குறித்துவைக்கலாம்.

1973இல் வைஸ்பெர்க்கும் மாண்டெலும் வாசித்த இசைத்தட்டு பில்போர்டு பட்டியலில் நான்கு வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது; ராபர்ட்டா ஃப்ளாக் என்ற பாடகி மட்டும் வழி விடவில்லை. அதன் பெயரில் வெளிவந்த நெடுந்தட்டு முதலிடத்தையே பிடித்தது. வாங்கியவர்கள் படத்தின் இசை என்று நினைத்து வாங்கிய அதில் பெரும்பகுதி, வைஸ்பெர்க்கும், பின்னாளில் உட்டி ஆலனோடு 'ஆனி ஹால்' எழுதிய மார்ஷல் பிரிக்மனும், 1963இலேயே பதிந்து வைத்திருந்த பழைய உருப்படிகள். கிராமி விருதும் வந்தது. இத்தனை கோலாகலத்திலும் ஸ்மித்தை ஒருவரும் கேட்கவில்லை. அவர் நீதிமன்றம் ஏறி வழக்காடித்தான் கர்த்தா என்ற பெயரையும் அதற்குரிய ராயல்டியையும் பெற்றார்.

'நாடோடி இசை' என்ற புகழுரை ஏன் அபாயமானது என்பது இப்போது விளங்கும். கர்த்தா இல்லை என்று ரசிகன் பக்தியோடு சொல்வதும், கர்த்தாவுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று வியாபாரி நினைப்பதும் ஒரே கிளையின் இரண்டு கனிகள். நஷ்டம் ஸ்மித்துக்கு மட்டுமல்ல. படத்தின் பிற்பகுதியிலுள்ள கொடூரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, மலைமக்களைக் கேலி செய்ய நினைக்கும் எவனும் இன்று அந்த மெட்டின் முதல் சில ஸ்வரங்களை முணுமுணுத்தால் போதும், சபை சிரித்துவிடும். விளையாட்டுக்காகப் பிறந்த மெட்டை ஒரு ஜனசமூகத்தின் மேல் குத்திய முத்திரையாக மாற்றியது சினிமாதான். காட்சியை மட்டுமே ஆராய்ந்து, இசைத்தட்டைக் கேளாத விமரிசனம் அதற்குத் துணை நின்றது.

சினிமா இசையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் மலையையும் மண்ணையும் சிறிது மறந்து, ஒலிப்பதிவுக் கூடங்களையும் வானொலி நிலையங்களையும் ஒப்பந்தப் பத்திரங்களையும் ஆராயத் தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி. தொடங்கினால், சார்லட் நகரில் ஸ்மித் நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்தே தொடங்கலாம்: 1965இல் ஜேம்ஸ் பிரௌன், கறுப்பரின் நவீன தாள இசைக்கே புதுப் பாதை வகுத்த 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பாடலைப் பதிவு செய்தது அங்கேதான்.