இரண்டு தீ

இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்பதை என்ஜினீயர்களின் பிரச்னை என்றே ஒதுக்கிவிடுகிறோம். 1985இல் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் எரிந்தது, மிஞ்சியதை இடித்தார்கள். ரயில்வே கட்டிடம் எழுந்தது. பழைய புத்தகக் கடைக்காரர்கள் அல்லிக்குளத்துக்குப் போனார்கள். 2012இல் சேப்பாக்கம் கலச மகால் எரிந்தது. 1768இல் கட்டியது. மரவிட்டங்களோடு கூரை விழுந்தும் செங்கல் சுவர்கள் நின்றன. அதையும் இடிக்கும் பேச்சு எழுந்தது. பிறகு சுண்ணாம்புக் காரையிலேயே புதுப்பித்தார்கள். இன்று அங்கே பசுமைத் தீர்ப்பாயம். விரிசலின் அகலத்தை அளந்து எடுத்த முடிவுகளா இவை? நவாபின் மாளிகையில் அரசாங்கம் தன் நாற்காலியைப் போட்டுக்கொள்ள முடியும். பழைய புத்தகத்துக்கு அப்படி ஒரு வாரிசு இல்லை. மூர் மார்க்கெட்டின் சிறு மாதிரியொன்றை ரயில்வே கட்டிடத்தின் முன் வைத்திருக்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது.