சீட்டும் நோட்டும்

கலைஞர்களை விமர்சிக்க நம்மிடையே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ரசிகர்களை விமர்சிக்கத்தான் யாரும் முன்வருவதில்லை. அந்தக் குறையை இன்று கொஞ்சம் தீர்த்துவைக்கலாம் என்று தோன்றுகிறது.

சென்ற மாதம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். கச்சேரி மேடையில் இப்போது ‘டி.ஜே.’ வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு பாட்டின் வாலை இன்னொரு பாட்டின் தலையோடு, தாளம் இடறாமல் முடிச்சுப் போடுகிற மனிதர். அதுவும் ஒரு வித்தைதான். இளப்பமாகப் பேச எனக்கு உத்தேசமில்லை. பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் அவருக்கு முன்னால் தம்மை மறந்து ஆடிக்கொண்டிருந்தன.

அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், ஐந்நூறு ரூபாய் நோட்டை விசிறி போல் ஆட்டிக்கொண்டு மேடை ஏறினார். நோட்டோடு ஒரு சீட்டு. சீட்டில் ஒரு பாட்டின் பெயர். குழந்தைகளின் பாட்டு பாதியில் அறுந்தது. பெண் வீட்டார் சும்மா இருப்பார்களா? அங்கிருந்து இரண்டு நோட்டும் ஒரு சீட்டும் வந்தன. பெரியவரின் பாட்டும் அறுந்தது. அரை மணி நேரத்தில் கச்சேரி ஏலக்கடையாகிவிட்டது. குழந்தைகள் ஐஸ்கிரீம் மேஜைப் பக்கம் போய்விட்டன.

காசுக்குத் தாளம் போடுகிறவன் என்று டி.ஜே.யைத் திட்டத்தான் எனக்கும் முதலில் தோன்றியது. கடைசிப் பந்தியில் அடுத்த இலையில் அவரே வந்து உட்கார்ந்தார். கேட்டுவிட்டேன்.

“பேசின தொகையிலே வண்டி வாடகை, பெட்டி தூக்குற பையன்கள் கூலி போக மிஞ்சுறது கொஞ்சம்தான் ஸார். நோட்டை வேண்டாம்னா மரியாதைக் குறைவுன்னு கோபிச்சுக்கிறாங்க. வாங்கினா பாட்டைப் போட்டாகணும்” என்றவர், ரசச் சோற்றைப் பிசைந்தபடி மெல்லச் சொன்னார்: “பாட்டு முடிஞ்ச பிறகு யாரும் தர்றதில்லை ஸார்.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில், என் வாலிபத்தில் நானும் அந்தப் பெரியவராக இருந்திருக்கிறேன். ஒரு கல்யாண ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர் தோடியை விஸ்தாரம் செய்துகொண்டிருந்தார். ஐந்து ரூபாயோடு, சினிமாப் பாட்டுக்குச் சீட்டு அனுப்பினேன். சீட்டைப் படித்தார்; என்னைப் பார்க்கவில்லை; சீவாளியைத் துடைத்துக்கொண்டு கேட்டதை வாசித்தார். நண்பர்கள் என் முதுகில் தட்டினார்கள். அந்தத் தோடி எங்கே போய் முடிந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பரிசில் கொடுப்பதற்கு நம் மொழியில் பழைய இலக்கணமே உண்டு. பெருஞ்சித்திரனாருக்கு அதியமான் நேரில் பார்க்காமலே பொருள் கொடுத்தனுப்பினான். பாராமல் கொடுப்பதை வாங்கிப்போக நான் வியாபாரியல்ல என்று மறுத்துவிட்டார் புலவர். புறநானூற்றின் 208-ஆம் பாட்டு அது. பொருநராற்றுப்படையின் கரிகாலனோ, பரிசில் பெற்றுப் புறப்படும் கலைஞனின் பின்னால் ஏழடி நடந்து வழியனுப்புகிறான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொடுத்த கை எது என்பதற்காகவே ஒரு மாலை அங்கிருந்து புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி வரை போகிறது. ராஜபாளையமும் லேசுப்பட்டதல்ல. முதலமைச்சராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர். பதிலுக்கு அவர் ஒரு பாட்டு கேட்டதாகச் செய்தியில்லை.

ஆகவே நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பேசின தொகையை, கலைஞர் பெட்டியைக் கட்டுவதற்கு முன் கொடுத்துவிடுங்கள். வேண்டிய பாட்டை வாயால் கேளுங்கள், இல்லையென்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். மனம் நிறைந்தால், முடிந்த பிறகு கையில் கொடுங்கள். ஒலிபெருக்கி அதை அறிவிக்க வேண்டாம். கரகம் ஆடுகிற பெண்ணின் உடையில் ஊக்கால் நோட்டைக் குத்துகிற நம் பக்கத்துத் திருவிழா வழக்கத்துக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

அன்று கை கழுவிவிட்டு வந்து, டி.ஜே.யிடம் ஒரு நோட்டை நீட்டினேன்.

“எல்லாம் மூட்டை கட்டியாச்சே ஸார், இனிமே எந்தப் பாட்டு?” என்றார்.

“குழந்தைகள் ஆடினாங்களே, அந்தப் பாட்டுக்கு” என்றேன்.

ஒரு நிமிஷம் நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.