கோப்பும் நகமும்

நாவல்களில் ஓவியன் வருகிறான், பாடகி வருகிறாள், நாட்டியக்காரி தவறாமல் வருகிறாள். அவர்களை ஆதரிக்கிற ஜமீன்தாரும், அவர்களைக் கெடுக்கிற ஜமீன்தாரும் வருகிறார்கள். ஆனால் கண்காட்சிக்கு வந்த படங்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிற மனிதர் கதாநாயகராக வந்து நான் படித்ததில்லை. மானியம் கேட்டு வந்த விண்ணப்பங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, இதற்கு உண்டு, இதற்கு இல்லை என்று குறிப்பெழுதுகிற அம்மாளும் வந்ததில்லை. கலையின் தலைவிதியில் பாதி இவர்கள் மேஜையில்தான் நிர்ணயமாகிறது என்பது கதை எழுதுகிறவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

உத்தியோகம் புதிது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ராஜா கொடுத்தான், பிரபு கொடுத்தான் என்றிருந்த வரையில் பாரமும் ரசீதும் தேவைப்படவில்லை. சர்க்கார் பணம் கலைக்குப் போகத் தொடங்கியதும் கணக்கு வேண்டியிருந்தது. பிரிட்டனில் யுத்தத்தின் நடுவே, 1940இல், இசையையும் கலைகளையும் ஊக்குவிக்க ஒரு குழு அமைத்தார்கள். 1942 முதல் அதற்குத் தலைமை வகித்தவர் பொருளாதார நிபுணர் கீன்ஸ். அதுதான் 1946இல் கலைக் கவுன்ஸில் ஆயிற்று. அந்த வருஷம் ஏப்ரலில் கீன்ஸ் இறந்துபோனார். ராஜ சாசனம் கிடைத்தது ஆகஸ்டில். நம் நாட்டு அகாடமிகள் 1953, 1954இல் பிறந்தன. அமெரிக்கர்கள் 1965 வரை யோசித்தார்கள். ஆக, ஆதரவு என்பது ஒரு இலாகாவாகி எண்பது வருஷம்தான் ஆகிறது.

இந்த இலாகாவில் என்ன வேலை? பெரும்பாலும் பயப்படுகிற வேலை. இரவல் வாங்கிய படம் பெட்டியிலிருந்து வெளியே வந்ததும், எந்த மூலையில் வெடிப்பு, எங்கே கீறல் என்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். திருப்பி அனுப்பும்போது அதே பட்டியலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். காகிதத்தில் எழுதிய நீர்வர்ணப் படமானால் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் சில மாதங்கள்தான், பிறகு இருட்டறைக்குப் போய்விட வேண்டும். வெயில் ஆகாது, ஈரம் ஆகாது, விரல் படவே கூடாது.

பகலெல்லாம் இப்படிப் பிறர் கலையைக் காத்துவிட்டு, இரவு மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு தன் நகங்களில் சித்திரம் எழுதுகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். லண்டனிலோ நியூயார்க்கிலோ அவளைத் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. அவள் எழுதுகிற சித்திரம் வெயிலில் நடக்கிறது, பாத்திரம் கழுவுகிறது, டைப் அடிக்கிறது. பத்து நாளில் ஓரம் பெயர்ந்துவிடும். பஞ்சில் அஸிட்டோனை நனைத்துத் துடைத்தால் தீர்ந்தது. பகலில் செய்கிற காரியத்துக்கும் இரவில் செய்கிற காரியத்துக்கும் இதைவிடப் பெரிய விரோதம் இருக்க முடியாது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அதனால்தான்.

"பாவம், ஆபீஸ் அலுப்பு, ஏதோ மனசுக்கு ஒரு ஆறுதல்" என்று நல்லவர்கள் சொல்கிறார்கள். பொழுதுபோக்கு என்று பெயர் வைக்கிறார்கள். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது, மரியாதை இல்லை. பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால் அது நன்றாயிருக்கிறதா, மட்டமாயிருக்கிறதா என்று கேட்கிற சிரமம் மிச்சம். நான் அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறேன். விமர்சகன் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான்.

அதற்கு முன் உத்தியோகத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. சம்பளத்துக்கு ஒரு வேலை, தனக்கென்று ஒரு கலை என்று வாழ்ந்தவர்கள் ஏராளம். ட்ராலப் தபால் இலாகா உத்தியோகஸ்தர். விடியற்காலை ஐந்தரை மணிக்கே உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் நாவல் எழுதினார். ஆனால் தபாலுக்கும் நாவலுக்கும் சண்டை கிடையாது. தபால்காரர் கவரைப் பிரித்துப் பார்த்து, கடிதத்தின் நடை சரியில்லை என்று திருப்பி அனுப்புவதில்லையே! கலை நிர்வாகி செய்வது ஏறக்குறைய அதைத்தான். தினம் தினம் பிறர் சிருஷ்டிக்கு மதிப்பெண் போட்டுப் பழகிய கண், தன்னுடையதை மட்டும் சும்மா விடுமா? பேனாவை எடுக்குமுன்பே கமிட்டி மனசுக்குள் கூடிவிடுகிறது.

ஃப்ராங்க் ஓஹாரா என்ற அமெரிக்கக் கவி இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1951இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையின் முன்வாசல் கவுண்ட்டரில் வேலைக்குச் சேர்ந்தவர். நடுவே விட்டுப் போய்த் திரும்பி வந்து, படிப்படியாக ஏறி, 1965இல் மதர்வெல்லின் ஓவியங்களுக்குப் பெரிய கண்காட்சியே நடத்தினார். கவிதைகளை மதியச் சாப்பாட்டு நேரத்திலும், நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கிற அறையிலும் எழுதித் தள்ளினார். மேஜை இழுப்பறையில் போட்டார், யாருக்காவது கடிதத்தோடு வைத்து அனுப்பினார், மறந்தார். 1964இல் வந்த அவர் தொகுதிக்குப் பெயரே 'மதிய உணவுக் கவிதைகள்'. 1966இல் நாற்பதாவது வயதில் ஒரு விபத்தில் இறந்த பிறகுதான், எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று நண்பர்கள் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆபீஸில் ஒரு படத்தின் மேல் தூசி படியாமல் பார்த்துக்கொண்டவர், தன் கவிதையை எங்கே வைத்தோம் என்று அறியாதவர். அந்த அஜாக்கிரதை கமிட்டியை ஏமாற்றுகிற தந்திரம். கமிட்டி வந்து உட்காருமுன் கவிதை முடிந்துவிடும்.

நகச் சித்திரக்காரியின் தந்திரமும் இதே ஜாதிதான். பத்து நாளில் அழியப்போவதற்கு யார் மதிப்பெண் போடுவது? ஆனால் ஒன்று. ஓஹாராவுக்கு ஒரு முழுக் காகிதமாவது இருந்தது. இவளுக்கு இருப்பது ஒரு சென்டிமீட்டர், அதுவும் வளைந்தது.

அந்த ஒரு சென்டிமீட்டரில் பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. வான்கோவின் நட்சத்திர இரவைக் குறுக்கி எழுதுகிறார்கள். அசல் படம் முக்கால் மீட்டர் உயரம், ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். வர்ணத்தை அப்பி, தூரிகை போன திசை தெரியும்படி விட்டிருப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. நகத்தில் அது நீல மிட்டாயில் மஞ்சள் சுழி. மோன்ட்ரியானின் கட்டங்கள் இன்னும் பிரபலம். கறுப்புக் கோடு, சிவப்புச் சதுரம், எழுதுவதும் சுலபம். ஆனால் அந்த மனிதர் நேர்கோட்டில் எவ்வளவு பிடிவாதக்காரர்! 1920களின் நடுவில் சகாவான வான் டோஸ்பர்க் சாய்கோட்டைப் புகுத்தியது அவர்கள் பிரிந்ததற்கு ஒரு காரணம். அவருடைய கோட்டைக் கட்டை விரலின் வளைவில் வளைத்துவிட்டு, மோன்ட்ரியான் என்று சொல்வது என்ன நியாயம்?

காட்சிசாலையில் வேலை பார்க்கிறவள் இந்த நகல்களை எழுதும்போது எனக்கு அதைவிடப் பெரிய ஆட்சேபம் உண்டு. புதுக் கண்காட்சி திறக்கிற அன்று அதற்குப் பொருத்தமான நகங்களோடு போய் நிற்கிறாள். எல்லோரும் கையைப் பிடித்துப் பார்த்து மெச்சுகிறார்கள். அங்கே நடப்பது கலை அல்ல, விளம்பரம். ஆபீஸ் அவளை விரல் நுனி வரையில் துரத்திக்கொண்டு வந்து பிடித்துவிட்டது. தன்னுடையதென்று இருந்த பத்து சின்னச் சுவர்களையும் வேலை கொடுத்தவருக்கே வாடகையில்லாமல் விட்டுக்கொடுத்தாயிற்று.

நல்லதும் இருக்கிறது. நகத்தை நகமாகவே நினைத்து எழுதினவை எல்லாம் நல்லவை. மேல்நாட்டில் 1920, 30களில் நகத்தின் அடியிலிருக்கும் வெள்ளைப் பிறையை அப்படியே விட்டு, மிச்சத்துக்கு மட்டும் சிவப்புப் பூசுகிற வழக்கம் இருந்தது. இதைவிட எளிமையான யோசனை இருக்க முடியாது. இதைவிட அழகானதையும் நான் அதிகம் கண்டதில்லை. உடம்பு ஏற்கெனவே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. வர்ணம் அதற்கு ஒதுங்கி நிற்கிறது. இன்னொரு முறை: கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, இரண்டு மூன்று நிறங்களைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊசியால் மெல்ல இழுத்து, விரலை அமிழ்த்தி எடுப்பார்கள். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் அட்டையின் உட்புறம் ஒட்டியிருக்குமே பளிங்குக் காகிதம், அந்த வித்தையேதான். ஐந்து விரலுக்கும் ஐந்து தினுசு விழும். எழுதுகிறவள் பாதி, தண்ணீர் பாதி. நாளெல்லாம் எதையும் தற்செயலுக்கு விடக்கூடாத உத்தியோகம் பார்க்கிறவளுக்கு இந்தப் பாதி எவ்வளவு பெரிய விடுதலை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் வளர்ச்சி. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. வீட்டில் மருதாணி அரைத்து விரல் நுனிக்குத் தொப்பி வைத்துக்கொண்ட நம் பெண்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும். தோலில் பிடித்த சிவப்பு சில நாளில் போய்விடும். நகத்தில் பிடித்தது பிறைபோலக் குறைந்துகொண்டே நுனிக்கு வந்து, வெட்டினால்தான் போகும். (நகப்பூச்சு எதுவானாலும் நம் வீடுகளில் அதை 'க்யூடெக்ஸ்' என்றே சொன்னார்கள். 1911இல் நக ஓரத்துத் தோலை நீக்குகிற திரவமாகப் பிறந்த பெயர் அது. வர்ணம் அப்புறம் வந்தது.) அடியிலிருந்து புது நகம் வரப்போகிறது என்று தெரிந்தே, அந்த வெற்றிடமும் சித்திரத்தில் சேரும்படி எழுதுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் கலைஞர்கள் என்பேன்.

உடனே யாராவது கோலத்தை ஞாபகப்படுத்துவார்கள். இரண்டும் அழிவது உண்மை. ஆனால் கோலம் வாசலுக்கு, வருகிறவர்களுக்கு. பொட்டும் மையும்கூடப் பிறர் பார்ப்பதற்குத்தான். இட்டுக்கொண்டவள் கண்ணாடியை விட்டு நகர்ந்ததும் அவளுக்கு அது தெரியாது. நகம் அப்படியல்ல. கூட்டத்தில் ஒருவர் வருஷாந்தர அறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கும்போது, மேஜைமேல் இருக்கிற தன் கையைத் தானே பார்த்துக்கொள்ளலாம். தன் உடம்பில் எழுதி, முதல் ரசிகையும் கடைசி ரசிகையும் தானாகவே இருக்கக்கூடிய சித்திரம் வேறு எது இருக்கிறது?

இந்தத் தனிமைச் சுகத்தைப் பேசும்போது, இதே நகத்தை வைத்து வயிறு கழுவினவர்களை மறப்பது அயோக்கியத்தனம். 1975இல் வியத்நாமிலிருந்து அகதிகளாக வந்த பெண்களைக் கலிபோர்னியாவில் ஒரு முகாமுக்குப் பார்க்கப் போன நடிகை டிப்பி ஹெட்ரன், அவர்கள் தன் நகங்களை அதிசயமாகப் பார்ப்பதைக் கவனித்தார். தன் நக அலங்காரக்காரியையே அழைத்து வந்து இருபது பேருக்குத் தொழில் கற்பித்தார். அந்நாட்டில் அந்தத் தொழிலில் பெரும்பகுதி இன்று வியத்நாமியர் கையில் இருப்பதற்கு ஆரம்பம் அங்கேதான் என்று சொல்வார்கள். அவர்களுக்கு இது கமிட்டியிடமிருந்து விடுதலை அல்ல, வாடகைப் பணம்.

ஏளனத்தைத் தாங்கியவர்களும் உண்டு. ஃப்ளாரன்ஸ் க்ரிஃபித் ஜாய்னர் பகலில் வங்கி வேலை, இரவில் பிறருக்குக் கூந்தலும் நகமும் அலங்கரிக்கிற வேலை என்று இருந்து, நடுவே ஓட்டம் பழகியவர். 1988இல் ஸியோல் ஒலிம்பிக்ஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். பத்திரிகைகள் அவர் கால்களுக்குச் சமமாக அவருடைய நீண்ட வர்ண நகங்களைப் பற்றியும் எழுதின. கறுப்பு இனப் பெண்ணின் நீண்ட நகம் என்றால் பகட்டு, மட்ட ரசனை என்று நினைக்கிற கனவான்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள், பின்பும் இருந்தார்கள்.

அதனால்தான் 2017இல் நடந்தது சாமானிய விஷயமில்லை. ஓஹாரா வேலை பார்த்த அதே காட்சிசாலையில், உடுப்பும் அணியும் பற்றி பாவோலா அன்டோனெல்லி ஒரு கண்காட்சி அமைத்தார். 111 வகைப் பொருள்கள். நம் புடவையும் அதில் ஒன்று. நக அலங்காரமும் ஒன்று. பெர்னடெட் தாம்ப்ஸன் என்ற கறுப்பு இனப் பெண், 1990களின் இறுதியில் லில் கிம் என்ற பாடகிக்காக, நிஜ டாலர் நோட்டுகளை நறுக்கிப் பதித்துச் செய்த நகங்கள் அங்கே இடம்பெற்றன. தெருவில் ஏளனம் செய்யப்பட்டதை வான்கோ தொங்குகிற கட்டிடத்துக்குள் கொண்டுவந்து, செய்தவளின் பெயரையும் எழுதி வைத்தார்கள். ஒரு நிர்வாகி தன் மேஜையிலிருந்து செய்யக்கூடிய நல்ல காரியம் அது. இந்தக் கட்டுரையில் நிர்வாகிகளைப் பற்றிச் சொன்ன குத்தல்களிலிருந்து அன்டோனெல்லி அம்மையாரை விலக்கிவிடுகிறேன்.

ஆனாலும் கண்ணாடிக்குள் வைத்த நகத்துக்கு விரல் கிடையாது. அது எதையும் சுட்டிக்காட்டாது, மேஜையைத் தட்டாது, வளராது. தாம்ப்ஸனுக்கு மரியாதை கிடைத்தது. நகத்துக்கு 50 லக்ஸ் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கெழுத வேண்டும்.

நம் கதாநாயகிக்கு இதில் ஆபத்து இருக்கிறது. காட்சிசாலைக்குள் போகலாம் என்று தெரிந்துவிட்ட கலையில் பயமில்லாமல் இருப்பது கஷ்டம். ஒவ்வொன்றையும் துடைக்குமுன் படம் பிடித்து, தேதி போட்டு, இது மூன்றாவது வரிசையில் ஏழாவது என்று எண் கொடுக்க ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழகிய கை, கோப்புத் திறக்காமல் இருக்க முடியவில்லை. அப்படி எண் கொடுத்த பிறகு எழுதினவை முன்னதைவிட சுத்தமாக இருக்கும், கொஞ்சம் உயிர் குறைந்தும் இருக்கும்.

யோக்கியதையைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். வலக்கைப் பழக்கமுள்ளவள் தன் நகத்தில் தானே எழுதிக்கொண்டால் இடது கை பிரமாதமாக அமையும்; அதைத்தான் முதலில் நீட்டுவாள். வலது கையை எழுதியது இடது கை. அங்கே கோடு நடுங்கும், புள்ளி வழியும். சாமர்த்தியம் உள்ளவள் அந்த நடுக்கத்துக்கு ஏற்ற மாதிரி வேறு சித்திரம் யோசிப்பாள், இல்லாதவள் இடது கையையே நகலெடுக்கப் பார்த்துத் தோற்பாள். நாளைக் காலையில் மானியக் கடிதங்களில் கையெழுத்துப் போடப் போவது அந்த வலது கைதான். அதைக் காட்டச் சொல்லி வாங்கிப் பாருங்கள்.